பதில் சொல்லும் குடும்பங்கள்



குடும்பத்தை நிற்கவைத்து, உட்காரவைத்து, விளக்கு வைத்து, காட்சி அமைத்து எடுக்கும் ஒளிப்படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆள் அறியாமல் எடுத்ததே உண்மையான படம், சொல்லிச் செய்யவைத்து எடுத்தது வெறும் நடிப்பு என்று ஒளிப்படத் துறையில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. செய்திப் படத்துக்கு அந்த விதி பொருந்தும், பொருந்தத்தான் வேண்டும். குடும்பத்தைப் படமெடுக்கும்போது அதை நான் ஏற்பதில்லை. காட்சி அமைத்து எடுக்கும்போது வீட்டிலிருப்பவர்கள் அந்த வேலையில் பங்காளிகள் ஆகிறார்கள். பங்காளி ஆனவருக்கு மறுத்துப் பேசும் உரிமையும் வந்துவிடுகிறது. குடும்பத்தைப் பற்றி அரசாங்கமும் பத்திரிகையும் அண்டை அயலும் சொல்லும் தீர்ப்புகளுக்கு, குடும்பமே பதில் சொல்லும் இடமாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன்.

1965இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் உதவிச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், அந்நாட்டின் கறுப்பினக் குடும்பங்கள் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அடிமைமுறையின் பின்விளைவுகளையும் வேலையின்மையையும் அந்த அறிக்கை பேசியது உண்மைதான். ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது வேறொன்றை: தந்தை இல்லாத வீடுகள், தாய் தலைமை தாங்கும் குடும்பங்கள், அங்கிருந்து தொடங்கும் சீர்குலைவு. ஒரு சமூகத்தின் வறுமைக்கு அதன் அம்மாக்களே குற்றவாளிகள் என்பதுபோல் பேச்சு திரும்பியது. சட்டத்தாலும் சம்பளத்தாலும் ஒடுக்கப்பட்ட மக்களை, அவர்கள் வீட்டு அடுப்படியை வைத்து எடைபோட்டார்கள்.

அப்போது ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் பள்ளிச் சிறுமியாக இருந்தவர் கேரி மே வீம்ஸ். 1953இல் பிறந்தவர். அவருடைய குடும்பத்தின் வேர் மிசிசிப்பியின் குத்தகை விவசாயத்தில் இருந்தது. வளர்ந்து கேமராவைக் கையில் எடுத்தபின், 1978 முதல் 1984 வரை தன் சொந்தக் குடும்பத்தையே படமெடுத்தார். உறவினர்களைப் பற்றிய கதைகளைத் தானே எழுதிச் சேர்த்தார். அவர்களுடைய குரல்களையும் பதிவுசெய்து காட்சியில் ஒலிக்கவிட்டார். அன்பும் சண்டையும் சிரிப்பும் கலந்த பெரிய குடும்பம் அது. மொய்னிஹன் அறிக்கைக்கு வீம்ஸ் தந்த முதல் பதில் என்று இதைச் சொல்லலாம். அந்தப் படங்கள் இயல்பாக, ஓட்டத்தில் எடுக்கப்பட்டவை.

அதற்குப் பிறகுதான் அவர் வேறு வழிக்குப் போனார். மசாசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டனில், தன் வீட்டில், ஒரு மேசையைப் போட்டு, அதன் மேல் ஒரே ஒரு தொங்குவிளக்கை எரியவிட்டு, மேசையின் ஒரு முனையில் கேமராவை நிறுத்தினார். அந்த வீட்டுப் பெண்ணாக அவரே உட்கார்ந்தார். சுற்றிலும் வந்து உட்கார்ந்தவர்கள் தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்தார். 1990இல் முழுமைபெற்ற அந்த ‘சமையலறை மேசை’ வரிசையில் 20 கறுப்புவெள்ளைப் படங்கள்; கூடவே 14 எழுத்துப் பலகைகள்.

அந்தப் படங்களில் நடப்பதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பவை. ஓர் ஆணும் பெண்ணும் சீட்டாடுகிறார்கள். பின்சுவரில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் படம். அவன் செய்தித்தாளில் மூழ்கியிருக்க, அவள் அருகில் இருக்கிறாள். தோழிகள் வந்து கூடுகிறார்கள். தொலைபேசியைப் பார்த்தபடி அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு படத்தில் தாயும் சிறுமியும் ஆளுக்கொரு கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி உதட்டுச்சாயம் பூசுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. அந்தச் சிறுமிக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பெண் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பது எந்த வழியாக ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகிறது என்று ஒரு புத்தகம் முழுக்க எழுதலாம். அவ்வளவும் அந்த மேசையின் இரண்டு கண்ணாடிகளில் இருக்கிறது. தாயின் கண் தன் முகத்தில், மகளின் கண் தன் முகத்தில். மகளின் கை மட்டும் தாயின் கையைப்போலவே போகிறது.

இன்னொரு படத்தில் யாரும் இல்லை, அவள் மட்டும். மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று, கேமராவை நேராகப் பார்க்கிறாள். அதுவரை நம்மை ஏறிட்டும் பார்க்காமல் தன்பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தவள், நாம் அங்கே இருப்பது முதலிலிருந்தே தெரியும் என்பதுபோல் நிற்கிறாள். கேமரா நிற்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். மேசையின் நாலாவது பக்கம் அது. காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களாக நம்மை வீம்ஸ் நடத்தவில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்திருக்கிறார். அழைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டைப் பற்றிக் கண்டபடி பேச முடியாது.

இதைத்தான் ஓட்டத்தில் எடுத்த படத்தால் சாதிக்க முடியாது என்று நினைக்கிறேன். ஓட்டத்தில் எடுத்தால், ஒரு கறுப்பினத் தாயின் களைத்த முகம் உடனே ஓர் இனத்தின் புள்ளிவிவரத்துக்குச் சான்றாகிவிடுகிறது. அமைத்து எடுக்கும்போது, களைப்பை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் விடுவது என்பதை அவளே முடிவு செய்கிறாள். காதல், வேலை, வருமானம், தாய்மை, யாருக்கு யார் அடங்கிப்போவது என்று அந்த எழுத்துப் பலகைகள் பேசுகின்றன. இது தம் இனத்துப் பெண்களைப் பற்றி மட்டுமான படைப்பு அல்ல என்று வீம்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். 2014இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய முழுப் படைப்புக் காட்சி நடந்தது. அங்கே அப்படியொரு காட்சி அமைந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். அத்தனை ஆண்டுக் காலமும் அந்தச் சுவர்களில் யாருடைய குடும்பங்கள் தொங்கின என்ற கேள்வியும் அதோடு வருகிறது.

அடுத்தது வசதியான வீடு. அங்கேயும் தீர்ப்பு உண்டு. அது புகழுரை வடிவில் வரும்.

ஒளிப்படக் கலைஞர் லாரி சல்டன் லாஸ் ஏஞ்சல்ஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். ஷிக் சவரக்கத்தி நிறுவனத்தில் விற்பனையாளராகத் தொடங்கி உயர்பதவி வரை வந்தவர் அவருடைய தந்தை இர்விங். முதுமைக்கு முன்பே அவர் ஓய்வுபெற நேர்ந்தது. தாய் ஜீன் வீட்டுமனை விற்பனையில் இறங்கிச் சம்பாதித்தார். 1980களின் தொடக்கத்தில் மகன் இவர்களைப் படமெடுக்க ஆரம்பித்தார். ரேகன் அதிபராக இருந்த காலம். நல்ல குடும்பம் என்பதை ஓர் அரசியல் பதாகையாகத் தூக்கிப்பிடித்த நாட்கள். அந்தப் பதாகைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பார்க்கவேண்டும் என்று சல்டன் நினைத்தார். ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு 1992இல் ‘வீட்டிலிருந்து படங்கள்’ என்ற நூலாக வந்தது.

1984இல் எடுத்த ஒரு படத்தில் அம்மா பச்சைச் சுவரில் சாய்ந்து கேமராவைப் பார்த்து நிற்கிறார். அப்பா நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கிறார். 1986இல் எடுத்த இன்னொன்றில் அப்பா வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் நின்று கால்ஃப் மட்டையைச் சுழற்றிப் பழகுகிறார். வேலைபோன மனிதரின் கைகளுக்கு ஒரு வேலை. எல்லா நிறங்களும் பளிச்சென்று, விளம்பரப் படம்போல் இருக்கும். அந்தப் பளபளப்புக்குள் ஏதோ பொருந்தாமல் நிற்கும்.

கோட்டும் டையுமாக அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கும் படம்தான் எனக்கு முக்கியமானது. போவதற்கு இடமில்லாதவர்போல் அதில் இருப்பார். அதைப் பார்த்து இர்விங் மகனோடு வாதாடினார். இது நான் இல்லை, இப்படி வாடி உட்கார்ந்திருப்பவன் நீதான், உன் வேலைக்கு உதவ நான் உட்கார்ந்து கொடுத்தேன், யாரிடம் காட்டினாலும் இதைச் சொல்லிவிடு என்ற பொருள்பட அவர் பேசினார். தந்தையின் இத்தகைய மறுப்புகளைச் சல்டன் மறைக்காமல் தன் நூலிலேயே சேர்த்துவிட்டார்.

நண்பர்களே, ஒளிப்பட வரலாற்றில் படமெடுக்கப்பட்டவர் படமெடுத்தவரிடம் இவ்வளவு தெளிவாக மறுத்துப் பேசி, அந்த மறுப்பும் படைப்பின் பாகமான இடங்கள் மிகக் குறைவு. அப்பா சொன்னது சரி. மகன் எடுத்ததும் சரி. ஓய்வுபெற்ற அமெரிக்க ஆணின் வெறுமையை அந்தப் படம் காட்டத்தான் செய்கிறது. அந்த வெறுமையை என் தலையில் கட்டாதே என்று சொல்ல அந்த ஆணுக்கு உரிமையும் இருக்கிறது. தெரியாமல் எடுத்த படமாக இருந்திருந்தால், அவர் இரங்கத்தக்க ஒரு கிழவராக அந்தச் சட்டத்துக்குள்ளேயே கிடந்திருப்பார்.

காட்சி அமைக்கும் தொழில்நுட்பம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஃபிலிப்-லார்கா டிகார்சியா 1978இல் தன் சகோதரர் மாரியோ குளிர்பதனப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தபடி நிற்பதை எடுத்தார். ராத்திரி பசிக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கும் காட்சி. தற்செயலாக எடுத்ததுபோல் தெரியும். ஃபிளாஷ் விளக்கைப் பெட்டிக்குள்ளேயே ஒளித்துவைத்து, பலமுறை எடுத்துச் சரிபார்த்துச் செய்தது அது. கனடாவின் ஜெஃப் வால் 2004–05இல் வான்கூவர் துறைமுகம் தெரியும் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்து, தனக்குப் பிடித்தபடி சாமான்கள் வாங்கி அங்கே புழங்கச் சொன்னார். மாதக்கணக்கில் அவள் புழங்கியபிறகு கிடைத்த வீட்டைத்தான் படமெடுத்தார். துணி மடிக்கும் நேரத்துச் சாதாரண மாலைப்பொழுது அது. அந்த அறையின் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாலே, ஒரு நகரத்து இளம்பெண்ணின் வருமானமும் ரசனையும் விளங்கிவிடும்.

குடும்பம் என்பதே எவ்வளவு எளிதில் நம்பவைக்கக்கூடிய காட்சி என்பதைக் காட்டியவர்களும் உண்டு. நெதர்லாந்தின் ஹான்ஸ் ஐகல்போம் 1973இல், வீட்டு ஆண் வேலைக்குப் புறப்பட்டுப் போனதைப் பார்த்துவிட்டு அழைப்புமணியை அடித்தார். அந்த வீட்டு மனைவி, பிள்ளைகளோடு சோபாவில் அப்பாவாக உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டார். படத்தைப் பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. தந்தை என்ற இடம் சோபாவில் ஒரு வெற்றிடமாக முன்பே தயாராக இருக்கிறது. அதில் யார் உட்கார்ந்தாலும் நம் கண் நிறைந்துவிடுகிறது. எனக்கு அந்தப் படங்கள் சற்று அச்சம் தருபவை.

அயர்லாந்தில் பிறந்த டிரிஷ் மாரிஸி 2005க்கும் 2007க்கும் இடையில் செய்தது இதைவிடக் கனிவானது, கூர்மையானதும்கூட. பிரிட்டனிலும் மெல்பர்னை ஒட்டியும் உள்ள கடற்கரைகளில் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் அனுமதி கேட்டார். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவருடைய உடுப்பை வாங்கி உடுத்திக்கொண்டு, அவர் இடத்தில் தான் அமர்ந்தார். இடம் விட்டுக்கொடுத்த பெண்தான் கேமராவின் பொத்தானை அழுத்தினார். படத்துக்குத் தலைப்பு அந்தப் பெண்ணின் பெயர். தன் குடும்பத்தைத் தானில்லாமல் அந்தப் பெண் எதிரே நின்று பார்க்கிறார். பிள்ளையை மடியில் வைத்திருப்பது வேறொருத்தி. ஆல்பத்தில் யார் இல்லையோ அவர்தான் படமெடுத்தவர் என்பது எல்லா வீட்டுக்கும் பொது. மாரிஸி அதையே படைப்பாக்கிவிட்டார். இதற்கு முன்பு, தன்னைவிட ஏழு வயது மூத்த அக்காவைச் சேர்த்துக்கொண்டு, பழைய குடும்பப் படங்களின் தோரணையில் அம்மா, அப்பா, மாமா, சித்தி என எல்லா வேடங்களையும் இருவருமே போட்டு ஒரு வரிசை எடுத்திருக்கிறார். அதன் பெயர் ‘ஏழு ஆண்டுகள்’.

இப்போது ஜப்பானுக்கு வருகிறேன். மசாஷி அசாதா 1979இல் மியே மாகாணத்துத் த்சு நகரில் பிறந்தவர். அம்மா செவிலியர், வேலைக்குப் போனது அவர். அப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஜப்பானில் அந்தத் தலைமுறைக்கு இது வழக்கமான ஏற்பாடு அல்ல. ஒளிப்படம் படிக்கும்போது, வாழ்நாளுக்கே ஒரு படம்தான் என்றால் எதை எடுப்பாய் என்ற வகையில் ஒரு பயிற்சி வந்தது. சிறுவயதில் ஒருநாள் அப்பாவும் அண்ணனும் தானும் அடிபட்டு, மூவருமாக அம்மா வேலைபார்த்த மருத்துவமனைக்கே போய் நின்றதை நினைத்தார். நால்வரையும் கூட்டி அதைத் திரும்ப நடித்து எடுத்தார்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘அசாதா குடும்பம்’. தீயணைப்பு வீரர்களாக, ராமென் கடைக்காரர்களாக, ராக் இசைக்குழுவாக, இப்படி ஒரு வாழ்க்கை வாய்த்திருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த நால்வரும் நின்று பார்த்தார்கள். உண்மையான இடத்துக்குப் போய், உண்மையான உடுப்பை வாங்கிப் போட்டு, தானாக இயங்கும் பொத்தானை வைத்துவிட்டு அவரும் ஓடிவந்து சேர்ந்துகொள்வார். யாரும் ஆல்பத்தில் விடுபடவில்லை. 2008இல் வந்த அந்த நூலுக்கு ஒளிப்படத்துக்கான கிமுரா இஹேய் பரிசு கிடைத்தது. அதன்பின் ஜப்பான் முழுவதிலுமிருந்து குடும்பங்கள் அவரைக் கூப்பிட்டன. வளர்ந்த பிள்ளைகளும் வயதான பெற்றோரும் சேர்ந்து ஒருநாள் முழுக்க ஒரு வேலையைச் செய்வது எத்தனை வீடுகளில் நடக்கிறது? படம் ஒரு சாக்கு. அந்த ஒருநாள் கூட்டு உழைப்பே அந்த வீட்டுக்குக் கிடைத்த வரவு என்று சொல்வேன்.

2011 மார்ச் மாதம் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கின. இடிபாடுகளை அகற்றப் போனவர்கள் சேற்றில் கிடந்த ஆல்பங்களைத் தூக்கியெறிய மனமில்லாமல் ஓரமாக எடுத்துவைத்தார்கள். கடல்நீரும் சேறும் பட்ட படத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, நிறம் தாங்கும் ஜெலட்டின் படலத்தைத் தின்றுவிடும். அதற்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து, நீரில் அலசி, மென்மையாகச் சேற்றைத் துடைத்து, கொடியில் கவ்வி போட்டு உலர்த்தவேண்டும். அசாதா இவாத்தே மாகாணத்து நோடாவில் தொண்டர்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தார். உலர்ந்த படங்களை ஒரு கூடத்தில் பரப்பிவைக்க, பிழைத்தவர்கள் வந்து தேடினார்கள். அவர்கள் தேடியது கலைநுணுக்கம் மிக்க படங்களை அல்ல. பள்ளி முதல்நாள் வாசலில் நிற்கவைத்தது, கல்யாணத்துக்கு வரிசையாக உட்காரவைத்தது, பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் ‘இங்கே பார்’ என்று சொல்லி எடுத்தது. எல்லாமே அமைத்து எடுத்தவை. யாரோ ஒருவர், இவர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள் என்று பதிவாகட்டும் என்று நினைத்து, கூப்பிட்டு நிற்கவைத்த படங்கள். இருவர் சேர்ந்து நின்றதற்கு அதைவிட வலுவான சான்று எது?

மறுத்துப் பேசும் உரிமையைப் பற்றிச் சொன்னேன். ஆனால் அப்படி மறுத்துப் பேச வயதாகாதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சாலி மன் 1992இல் தன் மூன்று பிள்ளைகளின் படங்களை நூலாக்கியபோது பெரிய விவாதம் எழுந்தது. எந்தப் படம் வேண்டாம் என்று சொல்ல அவர் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்ததாகச் சொன்னார். அது போதுமா என்று கேட்டவர்களும் உண்டு. என் மனமும் அந்தக் கேள்வியின் பக்கமே நிற்கிறது. தாயிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பிள்ளையின் சுதந்திரம் மிகச் சிறியது. இன்று அந்தக் கேள்வி கலைஞர்களோடு நிற்கவில்லை. பால் குடிக்கும் பிள்ளைக்கு வேடம் கட்டி, கூடைக்குள் படுக்கவைத்து எடுத்த படம் மறுநிமிடம் ஆயிரம் பேர் கைபேசியில் இருக்கிறது. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குழந்தையின் படத்தின்மீதான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்கவேண்டும். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி குழந்தையையும் அதில் சேர்த்துக்கொள்ளவேண்டும். பெற்றோருக்குள் உடன்பாடு இல்லாவிட்டால், ஒருவர் மற்றவர் சம்மதமின்றிப் படத்தை வெளியிடுவதை நீதிபதி தடுக்கலாம். நம் நாட்டிலும் இதைப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல், பிள்ளையிடம் ‘இதைப் போடலாமா’ என்று கேட்கும் பழக்கத்தை வீட்டில் தொடங்கலாம்.

கடைசியாக நம் ஊர். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்காரர்கள் நூறு ஆண்டுக்கு மேலாக இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். வரைந்த திரை, மரப்படிக்கட்டு, தூண், பூச்சாடி. தாத்தா நாற்காலியில், ஆச்சி பக்கத்தில், மருமகள் பின்வரிசையில். ‘தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண் சிமிட்டாதீங்க’. பூத்தைத்த சடையும் தெரியவேண்டும், முகமும் தெரியவேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் பெண்ணை நிறுத்தி எடுத்தார்களே, அந்தக் காட்சியமைப்பு நம் ஸ்டுடியோக்களின் அருமையான உத்தி. இறந்துபோன அப்பாவின் தலையைத் தனிப்படத்திலிருந்து எடுத்து, பிள்ளைகள் நடுவே ஒட்டிக் கொடுத்தவர்களும் இவர்களே. யார் எங்கே நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள், யார் கழுத்தில் என்ன நகை, யாரை அழைக்கவே இல்லை என்பதைப் படித்தால், சாதியும் சொத்தும் மாமியார் மருமகள் கணக்கும் அதில் கிடக்கும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வடிவில் சேமித்திருக்கிறது. மிகப் பெரிய தொண்டு அது. ஆனால் கடை மூடும்போது கண்ணாடி நெகட்டிவ்களைப் பழைய சாமானோடு போடுவது நின்றுவிடவில்லை. படம் கிடைத்தாலும் அதில் இருப்பவர் யார், எந்த ஊர், அந்த வரிசையை அமைத்த ஸ்டுடியோக்காரர் யார், ஏன் அப்படி நிற்கவைத்தார் என்பது கிடைப்பதில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்தச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒரு மாணவருக்குக் கொடுங்கள். அவர் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே ஸ்டுடியோ நடத்தியவர்களிடமும் அந்தப் படங்களில் நின்றவர்களிடமும் பேசிப் பதிவுசெய்யட்டும். நெகட்டிவ்கள் கடைக்குள் எந்தப் பரணில் இருக்கின்றன என்று அவர்களே காட்டுவார்கள். இந்த மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். யாரைப் பார்க்கவேண்டும் என்று கூட்டம் முடிந்ததும் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.